சாவி வாங்கும் முன் குளியலறையில் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் கட்டடம் முடியும் நிலைக்கு வந்துவிட்டது. பளிங்குத் தரையின் பளபளப்பைப் பார்த்து ஒப்படைப்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் குளியலறை.

வடிகால் வாயை ரப்பர் அடைப்பானால் இறுக அடைத்து, வாசற்படியைத் தாண்டாமல் 25 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். நீர்மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும்; அவர்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். குழாய் தளத்தைத் துளைக்கும் இடத்திலும், சுவரும் தரையும் சேரும் மூலையிலும்தான் ஈரம் முதலில் தெரியும். நீர்த்தடுப்புப் பூச்சு அங்கேதான் விட்டுப்போகும். மட்டம் ஓரிரு மி.மீ. இறங்கினால் ஆவியாதலாக இருக்கலாம். அதற்கு மேல் இறங்கினால், அடைப்பான் கசிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். குடியேறிய பின் தரைக் கசிவைச் சரிசெய்ய ஓடுகளைப் பெயர்க்க வேண்டிவரும், அதனால் தயங்காமல் இப்போதே கேளுங்கள்.

அடைப்பை எடுத்ததும் மூலையில் தண்ணீர் தேங்கினால் சரிவு போதவில்லை; 1 மீட்டருக்கு 10 மி.மீ.யாவது வேண்டும்.

ஓடுகளை நாணயத்தால் தட்டுங்கள். வெற்றொலி வந்தால் அடியில் கலவை நிரம்பவில்லை. மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் உடனே மின்சாரம் நிற்க வேண்டும்.

குறைகளை அறைவாரியாகப் படத்துடன் எழுதி, கையெழுத்துக்கு முன்பே கொடுங்கள்.