'முதல் இடம் கேரண்டி' விளம்பரத்தப் போடாதீங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வரி விளம்பரப் பக்கத்துல, நிலம் விற்பனைக்கும் பழைய பைக்குக்கும் நடுவுல ஒண்ணு பாத்தேன். 'உங்கள் வெப்சைட் கூகுளில் முதல் இடம், 15 நாளில், 100% கேரண்டி'ன்னு போட்டு கீழ ஒரு செல் நம்பர். காப்பி ஆறிப்போற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தேன் சார், ஏன்னா ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே மாதிரி ஒண்ண நம்பித்தான் நான் 18 ஆயிரம் ரூபாய விட்டேன். அது உங்க பேப்பர்ல வந்தது இல்ல, வாட்ஸப்ல வந்தது, ஆனா வாசகம் அச்சு அசலா இதேதான்.

நமக்குத் தொழில் கருப்பட்டி. திருச்செந்தூர் பக்கம். உடன்குடி சுத்துவட்டாரத்துல பனையேறிங்ககிட்ட எடுத்து விக்கிறோம், எங்க அப்பா காலத்துல இருந்தே. கொரோனா சமயத்துல கடைக்கு ஆள் வரத்து நின்னுபோச்சு, அப்ப எம் மவ உக்காந்து ஒரு வெப்சைட் போட்டுக் குடுத்தா. மெட்ராஸ், கோயம்புத்தூர்னு ஆர்டர் வரத்தான் செஞ்சது, ஆனா கூகுள்ல கருப்பட்டின்னு தேடினா நம்ம சைட் அஞ்சாவது பக்கத்துல எங்கயோ கிடக்கும். அஞ்சாவது பக்கத்துக்கெல்லாம் யாரு போறா, நானே போனதில்ல. அப்பத்தான் இந்த ஆளு வந்தாரு. எஸ்இஓ பண்றோம், அதாவது கூகுள்ல தேடினா சைட் மேல வர்ற மாதிரி பண்ற வேல, கூகுள்ல நமக்கு ஆள் இருக்கு அண்ணாச்சி, நீங்க பேசாம இருங்க நான் மேல ஏத்துறேன்னாரு. மவகிட்ட கேக்காமலே பணத்தப் போட்டு விட்டுட்டேன்.

உண்மையச் சொல்லணும்ல, ஏறத்தான் செஞ்சது. ஒரு மாசத்துல முதல் பக்கத்துக்கு வந்துருச்சு, எனக்குத் தலகால் புரியல, தெருவுல பாக்குறவங்ககிட்டயெல்லாம் போன எடுத்துக் காமிச்சேன். மூணாவது மாசம் ஒருநாள் காலைல பாத்தா சைட்டக் காணோம். அஞ்சாவது பக்கத்துலயும் இல்ல, பத்தாவது பக்கத்துலயும் இல்ல, எங்க கடைப் பேர முழுசா அடிச்சாக் கூட வரல. அந்த ஆளுக்குப் போன் போட்டா ரிங் போகுது, எடுக்கல.

மவ லீவுக்கு வந்தப்ப லேப்டாப்ப மடில வச்சு உக்காந்தா. மொதல்ல கூகுள் சர்ச் கன்சோல்னு ஒண்ணு இருக்கு, சைட் வச்சிருக்கவங்களுக்கு கூகுளே இலவசமா குடுக்குறது, அதுல இந்த ஆளு தன்னோட மெயிலப் போட்டு வச்சிருக்காரு, எங்க சைட்டுக்கு வந்த எச்சரிக்கையெல்லாம் அவருக்குப் போயிருக்கு! அத நம்ம பேருக்கு மாத்திப் பாத்தா, உங்க சைட்ல மறைச்சு வச்ச எழுத்து இருக்கு, காசு குடுத்து வாங்கின லிங்க் இருக்கு, அதனால நடவடிக்கை எடுத்திருக்கோம்னு கிடக்கு. மறைச்சு வச்ச எழுத்தா, நான் பாக்கலியேன்னேன். "யப்பா இங்க பாருங்க"ன்னு பக்கத்தக் கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போயி கண்ட்ரோலையும் ஏ-வையும் சேத்து அமுக்கினா.

வெறும் வெள்ளையா இருந்த இடம் பூரா நீலமாயிருச்சு சார், உள்ள வரி வரியா எழுத்து. வெள்ளப் பக்கத்துல வெள்ள கலர்லயே எழுதி வச்சிருக்கான், மனுசன் கண்ணுக்குத் தெரியாது, கூகுள் மெசின் மட்டும் படிக்கும். 'கருப்பட்டி கருப்பட்டி விலை ஒரிஜினல் கருப்பட்டி கருப்பட்டி ஆன்லைன் கம்மி விலை கருப்பட்டி'ன்னு முன்னூறு நானூறு வார்த்தை, நடுவுல 'சுகர் குணமாக கருப்பட்டி', 'சுகர் மாத்திரை தேவையில்லை', அதுக்கும் கீழ பக்கத்து ஊருல இருக்குற இன்னொரு அண்ணாச்சி கடைப் பேரு, அவரு பேரத் தேடுறவங்க நம்மகிட்ட வரட்டும்னு. அந்த மனுசன் எம் மவ சடங்குக்கு வந்து முத ஆளா மொய் எழுதினவரு. என் சைட்டுக்குள்ள அவரு பேர ஒளிச்சு வச்சு ஆளப் பிடிச்சிருக்கேன்னு தெரிஞ்சா என்ன நினைப்பாரு.

எங்க தொழில்ல ஒரு களவாணித்தனம் உண்டு, சீனியப் போட்டுக் காய்ச்சி கருப்பட்டின்னு விக்கிறது. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது, சிரட்டைல ஊத்தின அதே வடிவம்தான், உடைச்சாத்தான் உள்ள சீனி மாதிரி மினுமினுங்கும்னு எங்க ஊரு பெரியவங்க சொல்லுவாங்க. மவ அந்த பட்டனை அமுக்கினப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு. முப்பது வருசமா சீனி கலக்காத சரக்கு விக்கிறேன்னு பெருமை பேசினவன், சீனி கலந்த வெப்சைட் வச்சிருந்திருக்கேன்.

லிங்க் கதை இன்னும் மோசம். நம்ம சைட்டப் பத்தி வேற நல்ல சைட்டுங்க எழுதி லிங்க் குடுத்தா கூகுள் அத ஒரு சிபாரிசு மாதிரி எடுத்துக்கிடும், ஆரம்பத்துல 1998ல லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுள் ஆரம்பிச்சதே இந்த யோசனையிலதானாம். நம்ம ஆளு என்ன பண்ணிருக்காருன்னா ரம்மி சைட்டு, லோன் சைட்டு, எந்த நாட்டு பாஷைன்னே தெரியாத சைட்டுன்னு நூத்துக்கணக்குல லிங்க வாங்கிப் போட்டுருக்காரு. கருப்பட்டிக்கு ரம்மிக்காரன் சிபாரிசு பண்ணா யாரு சார் நம்புவா.

இதெல்லாம் சின்ன ஆளுங்கதான் ஏமாறுறாங்கன்னு நினைக்காதீங்க. 2006ல ஜெர்மனில பிஎம்டபிள்யூ கார் கம்பெனி சைட்டையே கூகுள் தூக்கி வெளில போட்டுச்சு, பழைய கார் அப்படிங்குற வார்த்தைய வரிசையா அடுக்கி கூகுளுக்கு ஒரு பக்கம், ஜனங்களுக்கு வேற பக்கம்னு காட்டினதுக்கு. 2011ல அமெரிக்கால ஜேசி பென்னின்னு பெரிய கடை, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான சைட்டுல லிங்க் இருந்தத நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதி வெளில கொண்டு வந்துச்சு, அதுக்கப்பறம் முதல் இடத்துல இருந்ததெல்லாம் சடசடன்னு கீழ வந்துருச்சு. அதே 2011ல கூகுள் தன்னோட தேடுற முறையிலயே பாண்டான்னு ஒரு மாத்தம் கொண்டு வந்துச்சு, 2012ல பெங்குவின்னு ஒண்ணு, உப்புச்சப்பில்லாம எழுதிக் குவிக்கிறவனுக்கும் லிங்க் வாங்குறவனுக்கும் வச்ச ஆப்பு. பக்கத்துக்குப் பின்னால, பாக்குறவங்க கண்ணுல படாம, கீவேர்ட் மெட்டா டேக்னு ஒண்ணுல ஜனங்க தேடுற வார்த்தையா அடுக்கி வைப்பாங்க, அதுக்கு ரேங்க்ல எந்த மதிப்பும் இல்லன்னு கூகுள் 2009லயே சொல்லிருச்சு, எனக்கு வந்த பில்லுல அதுக்குத் தனியா ரெண்டாயிரம் ரூவா போட்டிருந்தான்!

அப்பறம் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, என்ன நடந்துச்சு, எதையெல்லாம் எடுத்துட்டோம்னு ஒளிக்காம எழுதி கூகுளுக்கு மறுபரிசீலனைக்கு அனுப்பிச்சோம். சில வாரம் கழிச்சு நடவடிக்கைய நீக்கிட்டோம்னு பதில் வந்துச்சு. உடனே பழைய இடம் கிடைச்சிரல, ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து திரும்பப் படிக்கிற கததான்.

இனிமே நேர்வழில என்ன செய்யலாம்னு மவ சொல்லிக் குடுத்ததுல எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்த கீவேர்ட் விசயம்தான். கீவேர்ட்னா என்னமோன்னு நினைச்சேன், ஒண்ணுமில்ல, ஜனங்க கருப்பட்டிய என்ன பேரு சொல்லிக் கேக்குறாங்கங்குறதுதான். கடைல கல்லாவுல உக்காந்தவனுக்கு இது தெரியாதா. எங்க ஊருல கருப்பட்டி, சில பேரு பனங்கருப்பட்டி, வடக்க போனா பனைவெல்லம், மலையாளத்துக்காரங்க கரிப்பெட்டின்னுவாங்க, யாழ்ப்பாணத்து ஆளுங்களுக்கு அது பனங்கட்டி. ஒரு தடவ கனடால இருந்து ஒருத்தர் போன் போட்டு "அண்ணை, பனங்கட்டி குட்டான் இருக்கோ"ன்னு கேட்டாரு, குட்டான்னா சின்ன ஓலைப்பெட்டின்னு எனக்கு அப்பத்தான் தெரியும், எங்ககிட்ட அது இல்ல, இல்லன்னே சொல்லிட்டேன். இங்கிலீஷ்ல அடிக்கிறவங்க பாடு இன்னும் கூத்து, ஒருத்தர் ஒரு பி போடுறாரு, ஒருத்தர் ரெண்டு பி, டி ஒண்ணா ரெண்டாங்குறது அவங்கவங்க இஷ்டம், மெட்ராஸ்ல படிச்ச பிள்ளைங்க பாம் ஜாகரின்னு அடிக்குதுங்க.

இத்தனை பேரையும் வெள்ள எழுத்துல ஒளிச்சு வைக்கத் தேவையே இல்ல. 'எங்க ஊருல கருப்பட்டின்னு சொல்றதத்தான் மத்த ஊருல பனைவெல்லம்னும் யாழ்ப்பாணத்துல பனங்கட்டின்னும் சொல்லுவாங்க'ன்னு ஒரே ஒரு வரி, படிக்கிறவனுக்கும் புரியுது, கூகுளுக்கும் புரியுது. சர்ச் கன்சோல்ல எந்த வார்த்தைய அடிச்சு நம்ம சைட்டுக்கு வந்தாங்கன்னு லிஸ்ட் காட்டும், அதப் பாத்தா ஒரு ஆச்சரியம், 'கருப்பட்டி வாங்க'ன்னு வந்தவங்கள விட 'ஒரிஜினல் கருப்பட்டி கண்டுபிடிப்பது எப்படி'ன்னு வந்தவங்க அதிகம். கடைக்கு வர்ற பொம்பளையாளுங்க தினமும் கேக்குற கேள்வி சார் அது! முப்பது வருசமா வாயால சொன்னத, பதனீ இறக்குற கலயத்துல ஏன் சுண்ணாம்பு தடவுறோம், எந்த மாசத்துல வரத்து, மழைக்காலத்துல ஏன் கசியுது, எப்படிப் பத்திரப்படுத்தணும்னு நான் சொல்லச் சொல்ல அவ டைப் பண்ணா. எங்க காய்ச்சுற குடிசைல போன்ல எடுத்த போட்டோவையே போட்டோம், புகையில ஒண்ணும் சரியாத் தெரியல, பரவால்ல. இன்னைக்கு சைட்டுக்கு வர்ற ஆளுல பாதிப்பேரு அந்தப் பக்கத்துக்குத்தான் வர்றாங்க.

எல்லா வார்த்தையும் நமக்கு ஆகாதுங்குறதும் கத்துக்கிட்டேன். சில்லுக்கருப்பட்டி நம்மகிட்ட நல்லா போற சரக்கு, சுக்கு மிளகு போட்டது, அந்த வார்த்தைல முதல்ல வரணும்னு எனக்கு ஆசை. மவ சிரிச்சா, 2019ல அந்தப் பேர்ல படம் வந்திருச்சுப்பா, அதத் தேடுறவன் படம் பாக்க வந்தவன், உங்க கடைக்கு எதுக்கு வர்றான்னா. அதனால 'சுக்கு கருப்பட்டி'ன்னு ஒரு பக்கம் தனியா போட்டோம்.

மிச்சமெல்லாம் வீடு கூட்டுற வேலதான். சைட்டோட தலைப்பு இத்தன நாளா வெறும் 'ஹோம்'னு இருந்திருக்கு, கூகுள்ல நீலக் கலர்ல தெரியுற அந்த வரிய, கருப்பட்டி, கிலோ கணக்கு, ஊரு எல்லாம் வர்ற மாதிரி மாத்தினோம். போட்டோ ஒவ்வொண்ணும் அஞ்சு ஆறு எம்பி, குறைச்சோம், இப்ப போன்ல சட்டுன்னு தொறக்குது. கூகுள் மேப்புல கடைய ஏத்துறது இலவசம், ஏத்தினோம். தெரிஞ்சவங்ககிட்ட சொல்லி அஞ்சு ஸ்டார் போடச் சொல்லலாமேன்னு நான்தான் கேட்டேன், வாங்காதவன் போட்டா அதுவும் சீனிதாம்பான்னுட்டா. வாங்கினவங்க போட்டது கொஞ்சந்தான், அதுல ஒருத்தரு பார்சல் உடைஞ்சு வந்துச்சுன்னு ரெண்டு ஸ்டார் குடுத்தாரு, அதுக்கும் பதில் எழுதி இருக்கேன்.

சுகர் விசயத்துல மட்டும் ஒரு சண்டை வந்துச்சு வீட்டுல. 'கருப்பட்டி சுகருக்கு நல்லது'ன்னு எழுதினா கூட்டம் அள்ளும், அதத் தேடுற ஜனம் அவ்வளவு. கருப்பட்டியும் இனிப்புதான், சுகர் உள்ளவங்க டாக்டரக் கேட்டுட்டுச் சாப்பிடுங்கன்னு போட்டிருக்கோம். எங்க அண்ணன், ஏல வர்ற வியாபாரத்த ஏம்ல விரட்டுறன்னு இன்னும் திட்டிக்கிட்டு இருக்காரு. அவருக்கே சுகர் உண்டு.

இப்ப பத்து மாசம் ஆச்சு. ஒரிஜினல் கருப்பட்டி பத்தித் தேடினா முதல் பக்கத்துல வர்றோம், மூணாவது நாலாவதுன்னு மாறி மாறி வரும், வெறும் கருப்பட்டின்னு அடிச்சா ரெண்டாவது பக்கம். முதல் இடம் கேரண்டின்னு யாராலயும் சொல்ல முடியாது, இத கூகுளே சைட் வச்சிருக்கவங்களுக்கான வழிகாட்டில எழுதி வச்சிருக்கு, செஞ்ச வேலைக்குப் பலன் தெரிய நாலு மாசத்துல இருந்து ஒரு வருசம் வரைக்கும் ஆகும்னும் அதுலயே இருக்கு. விளம்பரத்துக்குக் கூகுள்ட்ட காசு கட்டினாலும் மேல ஸ்பான்சர்டுன்னு போட்டுத்தான் காட்டும், கீழ இருக்குற வரிசைல அதுக்குச் சலுகை கிடையாது. ஒழுங்கா எஸ்இஓ பண்ற பிள்ளைங்க நெறைய பேரு இருக்காங்க, அவங்க பொழப்புல மண்ணப் போட நான் இத எழுதல, அவங்க யாரும் 15 நாள்னு சொல்ல மாட்டாங்க.

அதனால ரெண்டு விசயம் கேக்குறேன் சார். இந்த மாதிரி விளம்பரம் வந்தா 'முதல் இடம்', 'கேரண்டி' ரெண்டு வார்த்தையவும் அடிச்சுட்டுப் போடுங்க, தங்கம் இரட்டிப்புன்னு வந்தா போடுவீங்களா, அது மாதிரிதான். இன்னொண்ணு, கோவிச்சுக்கிடக்கூடாது, உங்க வெப்சைட்லயே போன மாசம் 'தினமும் கருப்பட்டி காப்பி குடித்தால் உடலில் நடக்கும் அதிசயம்'னு ஒரு கட்டுரை, உள்ள போனா கருப்பட்டிங்குற வார்த்தை இருபது தடவ வருது, விசயம் ஒண்ணும் இல்ல. பனையேறிகிட்ட ஒரு ஆள அனுப்பிக் கேட்டு எழுதுங்க, சீசன் நேரத்துல வந்தா பதனீ நான் வாங்கித் தாரேன்.

என் கடைப் பேரையும் சைட் அட்ரஸையும் வேணும்னுதான் எழுதல. போட்டிருந்தா இதுவும் ஒரு லிங்குக்கு எழுதின கடிதம்னு எம் மவளே சொல்லிருவா.

இப்படிக்கு,
ஒரு கருப்பட்டி யாவாரி,
திருச்செந்தூர் பக்கம்