முடிச்சூர் வீட்டைப் பற்றித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு. அந்த வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவர்களின் அட்வான்ஸைப் பற்றிப் போனில் பேச்செடுத்தாலே நீ அவசரமாக வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

2015 டிசம்பர் 1 அன்று தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை மீறி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, இடுப்பளவுத் தண்ணீரில் முதியவர்களைத் தோளில் சுமந்து வந்தவன் நீ. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இன்றும் அதைச் சொல்கிறேன். எனக்கு அலுக்கவே அலுக்காது.

ஆனால் போன பொங்கலுக்கு நீயும் அதையே சொன்னாய். "வெள்ளத்தில் அவ்வளவு செய்திருக்கிறேன், என்னை யாரும் நியாயம் கேட்க வேண்டாம்" என்றாய். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

பெனுவா மோனின், டேல் மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெண்களை மட்டம் தட்டும் வாசகங்களை முதலில் மறுத்துச் சொன்னவர்கள்தான், அடுத்த கேள்வியில், இந்த வேலைக்கு ஆண்தான் பொருத்தம் என்று கூடுதலாகக் கூசாமல் சொன்னார்களாம். நல்லவன் என்று காட்டியாகிவிட்டது என்ற தைரியம். எல்லோரும் அப்படி ஆவதில்லை. உன் அத்தைக்கு ஒரு நன்மை செய்தால் அடுத்ததைச் செய்யாமல் இருப்புக்கொள்ளாது. ஆனால் பெரியப்பாவைப் பார், வருஷம் தவறாமல் ஆடிக்கூழ் ஊற்றினார். அத்தையின் பங்கை என்ன செய்தார் என்பது உனக்கே தெரியும்.

மாடிப் போர்ஷனில் இருந்தவர்களை ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை, உன் நலம்தான் விசாரித்தார்கள். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு நா எழவில்லை. வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் வழக்கம்தான். பத்து மாத அட்வான்ஸையும் மொத்தமாகப் பிடித்துக்கொள்வது எந்த ஊர் வழக்கம், தம்பி? நீ தோளில் தூக்கியவர்கள் வேறு, இவர்கள் வேறு. அந்தக் கணக்கில் இவர்களுக்கு வரவு ஏது?

உனக்கு வீட்டுக்கடன் தவணை இருக்கிறது, தெரியும். மொத்தமாக முடியாவிட்டால் பாதியையாவது இப்போது கொடு. மீதிக்கு ஒரு தேதி சொல். நீயே நேரில் போய்க் கொடு, ஆள் அனுப்பாதே. அம்மாவிடம் இதைப் பேச வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. கொடுத்தவுடன் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா