பம்பைப் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நீச்சல் குள பம்ப் நின்றுபோனால் பலரும் எங்களிடம் முதலில் கேட்பது, "புதுசாவே வாங்கிடலாமா?" என்றுதான். சில சமயம் அதுதான் சரி. ஆனால் பம்பைக் கழற்றிப் பார்க்காமல் யார் அப்படிச் சொன்னாலும், நாங்களே சொன்னாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். எதை வைத்து முடிவு செய்கிறோம் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

பம்பின் வயதைவிட நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது, மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கிறதா என்பதை.

சுவிட்சைப் போட்டதும் 'உம்' என்று இரைந்துவிட்டுச் சுற்றாமல் நிற்கிறதா? சிங்கிள் ஃபேஸ் மோட்டாரில் பெரும்பாலும் கெப்பாசிட்டர் (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் மின் பாகம்) போயிருக்கும். சின்ன சாமான், மாற்றினால் தீர்ந்தது. ஷாஃப்ட் (மோட்டாரின் சுழலும் தண்டு) இறுகியிருந்தாலோ, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் குப்பை சிக்கியிருந்தாலோகூட இதே இரைச்சல்தான் வரும். கெப்பாசிட்டரை நீங்களாகத் தொடவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

மோட்டார் நன்றாகச் சுற்றியும் குளத்துக்குத் திரும்பி வரும் தண்ணீரில் காற்றுக் குமிழி வந்தால், பம்பின் குப்பைக்கூடை மூடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) முதலில் பாருங்கள். இதற்காகப் பம்பையே மாற்றுவது வீண் செலவு.

எங்களுக்கு உண்மையில் கவலை தருவது சீல் கசிவுதான். ஷாஃப்ட்டைச் சுற்றித் தண்ணீர் மோட்டார் பக்கம் போகாமல் தடுக்கும் பாகம்தான் சீல். பம்ப் உடலும் மோட்டாரும் சேரும் இடத்துக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஈரம் தெரியும். தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். "கொஞ்சம்தானே ஒழுகுது" என்று விட்டுவிட்டால், அந்தத் தண்ணீர் ஷாஃப்ட் வழியே ஏறி பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பிறகு கிரீச்சென்ற சத்தம், அதற்கும் பிறகு மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) கருகும். ஆரம்பத்திலேயே கொண்டுவந்தால் சீல் மாற்றுவதோடு போய்விடும். சத்தம் தொடங்கிவிட்டால் சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் திரும்பவும் கழற்ற வேண்டிவரும். புது சீலின் வழவழப்பான முகத்தை எங்கள் ஆட்கள் துணியால்தான் பிடிப்பார்கள். விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் மணல் துகளும் அதில் படக்கூடாது. கீறல் விழுந்தால் புது சீலும் ஒழுகும்.

காயில் கருகி, பம்பின் உடலும் விரிசல் விட்டிருந்தால் மாற்றிவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வோம். தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்பில் சூட்டால் பிளாஸ்டிக் உடலே கோணியிருக்கும், அதில் எந்தச் சீலும் சரியாக உட்காராது. பத்து வருடத்தைத் தாண்டிய பம்பில், பழுதுச் செலவு புதுப் பம்பின் விலையில் பாதியைத் தொட்டால் அதற்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. உடல் நன்றாக இருந்து மோட்டார் மட்டும் போயிருந்தால், மோட்டாரை மட்டும் மாற்றவும் வழி உண்டு.

புதிதாக வாங்குவதென்றால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியுள்ள பம்பை யோசியுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் ஓட்டமும் பாதியாகும். ஆனால் தேவைப்படும் சக்தி, கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் மின்சாரம் மிச்சம்தான். மோட்டாரின் திறனும் குழாய் அமைப்பும் வேறுபடுவதால் நடைமுறையில் மிச்சம் இதைவிடக் குறையலாம், ஆனாலும் நாள் முழுக்க ஓடும் பம்பில் அது பெரிய தொகை. பழையதைவிட அதிகக் குதிரைத்திறன் மட்டும் கேட்காதீர்கள். குழாயும் ஃபில்டரும் தாங்கும் அளவுக்கு மேல் தள்ளினால் ஃபில்டர்தான் கெடும்.

ஒன்று மட்டும் அவசரம். பிரேக்கர் திரும்பத் திரும்ப ட்ரிப் ஆனாலோ, பம்பையோ தண்ணீரையோ தொட்டால் சுருக்கென்று அடித்தாலோ, யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள். மெயினை நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். குளத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் உடனே வெளியே வரச் சொல்லுங்கள்.

மற்றபடி, எங்களிடம் வரும்போது மோட்டாரின் நேம் பிளேட்டையும், பம்புக்கு அடியில் ஈரம் இருந்தால் அந்த இடத்தையும் போனில் படம் எடுத்து வாருங்கள். சத்தம் வந்தால் அதையும் பதிவு செய்து வாருங்கள். பாதி விஷயம் அதிலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் பம்ப் பழுது நிலையத்தார்