பாய்ப்படகின் மேல்தட்டு வேலை – ஞாயிறு காலை

எல்லாருக்கும் வணக்கம். குருநகரில் கரையேற்றியிருக்கும் பைபர் பாய்ப்படகின் மேல்தட்டு வேலையை ஞாயிறு காலை 6 மணிக்குத் தொடங்குகிறோம்.

சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்ததில் பாய்மரத்தடியில் மந்தமான சத்தம். மேல்தட்டின் இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே இருக்கும் பால்சா என்ற இலேசான மரம் ஊறிவிட்டது. திருகாணித் துளைகள் வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். மேல் தோலை வெட்டி, உக்கிய மரத்தை எடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் புதியது வைக்கலாம். மேலே பட்டி பூசி மூடிவிடலாம் என்று தயவுசெய்து யாரும் சொல்ல வேண்டாம், மாரி வந்தால் மறுபடி ஊறும். வெட்டிய விளிம்பை, தோலின் தடிப்பைப்போல 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும். பைபரை இறுக்கிப் பிடிக்கும் பசைதான் றெசின். படகில் உள்ள பழைய பொலியெஸ்டர் றெசினின் மேல் எப்பொக்சி றெசின் நன்றாகப் பிடிக்கும். எப்பொக்சியின் மேல் பொலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. ஆகவே வீட்டில் மிச்சம் கிடக்கும் பொலியெஸ்டர் றெசினைக் கொண்டுவராதீர்கள். வெயில் ஏறினால் எப்பொக்சி கோப்பைக்குள்ளேயே இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்போம்.

சமப்படுத்துவது அப்புறம். நீளப் பலகையில் 80ஆம் இலக்க சாண்ட்பேப்பர் ஒட்டி, கையாலேயே மூலைவாட்டாகத் தேய்ப்போம். மெஷின் பள்ளம் போட்டுவிடும்.

முகமூடி, கையுறை, நீளக்கைச் சட்டை கட்டாயம். பைபர் தூள் பட்டால் இரவு முழுக்கச் சொறிதான். தேநீருக்கு ஏற்பாடு செய்தாயிற்று. பழைய துணி இருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.