"ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிவிடாதே

கண்ணா,

நேற்று போனில், "வீட்டில் இருப்பதையெல்லாம் அவளே வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம், நாலு சட்டையோடு கிளம்புகிறேன்" என்றாய். அப்போது நான் பதில் பேசவில்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீயும் உன் மனைவியும் பிரிய வேண்டுமா என்பதைப் பற்றி அல்ல. அது நீங்கள் இருவரும் எடுத்த முடிவு.

அந்த "ஒன்றும் வேண்டாம்"தான் எனக்கு உறுத்துகிறது. கேட்கப் பெருந்தன்மை மாதிரி இருக்கிறது, ஆனால் உன் குரலில் இருந்தது கோபம். பாட்டி போன பிறகு அவருடைய தையல் மெஷினை "நீயே எடுத்துக்கொள்" என்று உன் சித்தியிடம் நானும் இப்படித்தான் சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் பல வருடம் அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் கண் அந்த மெஷின் மேல்தான் நிற்கும். கொடுத்தவளும் நான்தான், மனதுக்குள் பொருமியவளும் நான்தான். அக்கா ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அவளுக்குப் புரியவே இல்லை, பாவம்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு வக்கீலைப் பார். விவாகரத்து மனு போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. வீட்டை விட்டு வெளியேறியது யார், குழந்தை யாரிடம் இருந்தது என்பதெல்லாம் பின்னால் கேள்வியாக வரலாம். வாடகை ஒப்பந்தத்தில் உன் கையெழுத்து இருந்தால், நீ வேறு வீட்டுக்குப் போனதால் மட்டும் பொறுப்பு தீர்ந்துவிடாது. கூட்டாக வாங்கிய கடனும் அப்படித்தான். கடன் கொடுத்தவருக்கு உங்கள் மனக்கசப்பு தெரியாது, கையெழுத்துதான் தெரியும். கூட்டுக் கணக்கிலிருந்து பணத்தை வழித்து எடுப்பது, பொருளை ஒளிப்பது, சொல்லாமல் விற்பது எதுவும் வேண்டாம். நீ அப்படிச் செய்ய மாட்டாய், தெரியும். கூட இருப்பவர்கள் யோசனை சொல்வார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

ஒரு சாமானையும் நகர்த்துவதற்கு முன் அறை அறையாக வீடியோ எடுத்துவிடு, அலமாரிகளையும் திறந்து எடு. பிறகு இருவரும் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். கல்யாணத்துக்கு முன்பே யாரிடம் இருந்தது, சேர்ந்து வாங்கியது எது, பரிசாக வந்தது யாருக்கு என்று எதிரே எழுதுங்கள். விலை போடும்போது வாங்கிய விலையைப் போடாதே, இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அதைப் போடு. அந்த சோபாவுக்காக நீங்கள் வக்கீல் வைத்து வாதாடினால், ஃபீஸில் புது சோபாவே வாங்கிவிடலாம்.

இருவரும் கேட்கிற பொருள்களுக்கு, சின்ன வயதில் உனக்கும் தங்கைக்கும் கலர் பென்சில் பிரித்தது மாதிரி செய்யுங்கள். நீ இரண்டு பங்காகப் பிரி, முதலில் அவள் எடுக்கட்டும் என்றேன். ஒவ்வொரு பென்சிலையும் நீளம் பார்த்து அடுக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? இல்லையென்றால் காசு சுண்டி, மாறி மாறி ஒவ்வொன்றாக எடுங்கள். போட்டோக்களுக்குப் பங்கே வேண்டாம், எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவின் சாமான்கள் இந்தப் பட்டியலிலேயே வரக்கூடாது. அவை அவளுடையவை. அவள் கட்டிலும் மேஜையும் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். உன் வீட்டில் தனியாக ஒரு படுக்கை, துணி, பிரஷ் எல்லாம் வாங்கி வை. ஒவ்வொரு முறையும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் விருந்தாளி மாதிரி உன்னிடம் வரக்கூடாது. அந்த முயல் பொம்மை மட்டும் அவளோடு போய் வரட்டும். வண்டியில் ஏற்றுகிற அன்று அவள் அங்கே இருக்க வேண்டாம், ஆனால் முன்கூட்டியே இருவரும் சேர்ந்து சொல்லிவிடுங்கள். பள்ளியிலிருந்து வந்து, பாதி காலியான அலமாரியைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உன் சான்றிதழ், பாஸ்போர்ட் எல்லாம் முதலிலேயே கையில் எடுத்துக்கொள். பொதுவான பத்திரங்களுக்கு நகல் போதும். உன் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்று, அவளுடையதைத் திறக்காதே. எடுத்துப் போகிற அன்று இருவருக்கும் பொதுவான ஒருவர் கூட இருக்கட்டும். பட்டியலில் தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று ஏதாவது வரி இருந்தால் மட்டும், வக்கீல் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே.

நான் உங்களுக்குக் கொடுத்த சுவர்க்கடிகாரம் ஒன்று இருக்கிறதே, அதை அவளிடமே விட்டுவிடு. அவளை நினைத்துத்தான் வாங்கினேன்.

அட்டைப்பெட்டிகள் சேர்த்து வைத்திருக்கிறேன். எந்த நாள் என்று சொல், கொண்டு வருகிறேன். பரணில் கிடக்கும் உன் கல்லூரிப் புத்தக மூட்டையையும் அப்படியே உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

அம்மா