என் வலியை நம்பியவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

முதல் நன்றி கண் மருத்துவர் அம்மாவுக்கு. கண் சிவந்து, வெளிச்சம் பட்டாலே கூசி நீர் வடிய, உங்களிடம் வந்தேன். கண்ணுக்குள் அழற்சி என்று சொட்டு மருந்து எழுதினீர்கள். மருந்துச் சீட்டைத் தருமுன், "முதுகு வலி உண்டா? படுத்தால் குறைகிறதா, கூடுகிறதா?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பின்னிரவில் வலி எழுப்பிவிடும். வாசலில் குனிந்து கோலம் போட வராது; சுவரைப் பிடித்து ஒரு மணி நேரம் நடமாடினால்தான் இடுப்பு இளகும். கண் அழற்சியோடு, ஓய்வில் ஏறி, நடந்தால் தணியும் வலியும் சேர்ந்தால் முதுகெலும்பு அழற்சி வாதமாக இருக்கலாம் என்று அன்றே வாதநோய் நிபுணரிடம் அனுப்பினீர்கள்.

அதற்கு முன் கேட்டதெல்லாம் வேறு. பிரசவத்துக்குப் பிறகு இடுப்பு வலி சகஜம். குதிகால் வலிக்குச் செருப்பை மாற்று. கழுத்துக்குத் தலையணையை மாற்று. உடம்பெல்லாம் வலித்தால் மனக்கவலை. எல்லாம் ஒரே நோய் என்று சேர்த்துப் பார்க்க ஆளில்லை.

நிபுணர் ஐயா, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் சரி. அத்தோடு நீங்கள் என்னை அனுப்பிவிடவில்லை. இந்த நோயோடு தொடர்புள்ள எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு இருந்தது; எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முதுகெலும்பின் அடியும் இடுப்பெலும்பும் சேரும் மூட்டில் அழற்சி தெரிந்தது. ஆண்களின் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டதால் பெண்களிடம் தாமதமாகவே கண்டுபிடிக்கிறார்கள் என்றும், எக்ஸ்ரேயில் தெரியாத நிலையில் இருபாலருக்கும் ஏறக்குறைய சமமாகவே வருகிறது என்றும் பொறுமையாக விளக்கினீர்கள். பல வருடக் குழப்பம் அன்று தீர்ந்தது. என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி.

பிசியோதெரபிஸ்ட் தங்கை, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு எவ்வளவு விரிகிறது என்று டேப் வைத்து அளந்து, அரை சென்டிமீட்டர் கூடினாலும் என்னைவிட நீ மகிழ்ந்தாய். வாசல் வேலையை வாய்திறக்காமல் எடுத்துக்கொண்ட அத்தைக்கும், முதல் பாடவேளையை மாற்றிக்கொண்ட சக ஆசிரியைகளுக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது என் உடன்பிறந்த தங்கைக்கும் குதிகால் வலி. நெருங்கிய உறவில் வர வாய்ப்பு அதிகம் என்பதால் உடனே நேரம் ஒதுக்கித் தந்த மருத்துவமனை வரவேற்புப் பெண்ணுக்கும் நன்றி. அடுத்த வாரம் அவளை அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்