ஒரு சதவீத இரைச்சல்

முத்தோரை
ஆடி மாதம்

கண்ணு,

உன் மெயிலை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மைனஸ் அறுபது என்றதும் கண் கலங்கிவிட்டாள். தென்துருவத்துக்கு அக்டோபர் கடைசி வரை விமானமே கிடையாது என்ற வரியை மட்டும் தாண்டிவிட்டேன். தீபாவளிக்கு வந்துவிடுவாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை மைக்ரோவேவில் பிடிக்கும் உன் கருவிக்கு, காற்றில் ஈரமே இல்லாததால்தான் அந்த இடம் என்று எழுதியிருந்தாய். நீராவி மைக்ரோவேவை விழுங்கும், போதாததற்குத் தானும் கொஞ்சம் கக்கும், சரிதான். இங்கே நாலு நாளாக மேகம் தரையில் இறங்கி நிற்கிறது. உன் பழைய ஸ்வெட்டர் அடுப்புக்கு மேல் கொடியில் தொங்கியும் புகை வாசம்தான் ஏறியிருக்கிறது, ஈரம் போகவில்லை. சரிவில் இருக்கும் நம் 530 மீட்டர் ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 326.5 மெகாஹெர்ட்ஸ் கேட்கிறது, அதற்கு மேகம் ஒரு பொருட்டில்லை. உன் கருவிக்கு நம் ஊர் ஆகாது.

பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 வருஷம் கழித்துக் கிளம்பிய ஒளி, பிரபஞ்சம் விரிய விரிய நீண்டு, இன்று மைக்ரோவேவாக 2.7 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸில், வந்து சேர்கிறது. இதைவிட எனக்கு ஆச்சரியம், சேனல் கிடைக்காத பழைய டிவியின் புள்ளி இரைச்சலில் சுமார் ஒரு சதவீதம் அதுதான் என்பது. எத்தனை கூரை ஏறியிருப்பேன்! பாலாடாவில் ஒரு வீட்டில் பூஸ்டர், கேபிள் எல்லாம் மாற்றியும் புள்ளி போகாமல், பிக்சர் டியூப் மேல் பழிபோட்டுக் காசு வாங்கினேன். தப்புதான். மீதி 99 சதவீதம் அப்பாவின் ஈயப்பற்று என்று நீ சிரிப்பாய்.

1964-ல் நியூ ஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இரைச்சல் போகவில்லை என்று கொம்பு ஆன்டெனாவுக்குள் கூடு கட்டிய புறாக்களைப் பிடித்து அனுப்பி, எச்சத்தையும் துடைத்தார்களாமே. எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வான். துடைத்தும் போகவில்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவு. அது அந்தப் பழைய ஒளிதான் என்று தெரியும் வரை அவர்கள் விடவில்லை. நானாக இருந்தால் 'மலைமேல இப்படித்தான்ங்க' என்று சொல்லி ஏணியை எடுத்திருப்பேன்.

அந்த 2.7 கெல்வின் சூட்டில் லட்சத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம், அதிலிருந்துதான் கேலக்ஸிகள் திரண்டன என்கிறாய். அதை எப்படிப் பிடிக்கிறீர்கள்? ரிசீவரின் சொந்தச் சூடே இரைச்சலாகும் என்று ஒரு கெல்வினுக்கும் கீழே குளிர்விப்பது வரை புரிந்தது. மிச்சத்தை நிதானமாக எழுது.

பரணிலிருந்து பழைய டயனோரா பெட்டியை இறக்கினேன். சூடாக இரண்டு நிமிஷம் ஆகிறது, அப்புறம் புள்ளி வருகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இதுல எதுங்க நம்ம பிள்ளை பார்க்கிறது?" என்றாள்.

அப்பா